விரல் சொல்வது ஒன்று, ரிப்போர்ட் சொல்வது ஒன்று

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாறசாலைக்காரர்களுக்கு ரத்தப் பரிசோதனைக்கு எந்தப் பக்கம் போவது என்பது பெரும்பாலும் முதலில் வரும் பஸ்ஸைப் பொறுத்தது. களியக்காவிளை தாண்டி மார்த்தாண்டத்தில் ஒரு லேப், எதிர்த்திசையில் நெய்யாற்றின்கரையில் ஒரு லேப். மகள் வீடு குமரி மாவட்டத்தில் இருந்தால் ஒருமுறை அங்கே, பென்ஷன் வேலையாகத் திருவனந்தபுரம் போனால் அடுத்த முறை அங்கே. 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு தமிழ்நாட்டோடும் நெய்யாற்றின்கரை கேரளத்தோடும் போனதிலிருந்து இந்தக் கிராமங்கள் இரண்டு பக்கமும் கால் வைத்தேதான் வாழ்கின்றன. அதனால் இங்கே ஒரே மனிதரின் பையில் இரண்டு மாநில ரிப்போர்ட்டுகள் சேர்ந்துவிடும். சில சமயம் அவை ஒன்றுக்கொன்று ஒத்துவராது.

ஒத்துவராத எண் பெரும்பாலும் எச்பிஏ1சி. ஊரில் அதற்கு ‘மூணு மாச சுகர்’ என்று பெயர். வீட்டில் விரலைக் குத்திப் பார்த்தால் காலை வெறும் வயிற்றில் 170, சாப்பிட்ட பிறகு 250. லேபிலோ மூணு மாச சுகர் 5.8 என்று வருகிறது. 5.8 என்றால் சராசரியாக ரத்தத்தில் சுமார் 120 மில்லிகிராம் சர்க்கரை என்று பொருள். காலையிலேயே 170 காட்டுகிறவருக்குச் சராசரி 120 எப்படி வரும்? நோயாளி சந்தோஷப்பட்டு மாத்திரையைப் பாதியாக்குவார். வீட்டு மெஷின் கெட்டுவிட்டது என்பார் மகன். மரச்சீனியும் மீன்கறியும் தின்றுவிட்டு விரலைக் குத்தியிருப்பீர்கள் என்பார் மருத்துவர். ரத்தத்தைச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றாது.

இந்த முரண்பாட்டின் காரணம் பல நேரம் சர்க்கரையில் இருப்பதில்லை. அது ஒட்டியிருக்கும் ஹீமோகுளோபினில் இருக்கிறது. நீரிழிவு இவ்வளவு மலிந்த ஒரு பகுதியில் இதைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம் என்று நினைக்கிறேன். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ‘இண்டியாப்’ ஆய்வின்படி நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது, பெரியவர்களில் 11.4 சதவீதம். தமிழ்நாட்டில் 14.4. கேரளத்தில் 25.5. நான்கில் ஒருவர்!

நெய்யாற்றின்கரைத் தாலுகா நீரிழிவு ஆராய்ச்சியாளர்களுக்குப் புதிய பெயரில்லை. ‘கேரள நீரிழிவுத் தடுப்புத் திட்டம்’ என்ற ஆய்வு இந்தத் தாலுகாவில்தான் நடந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தைச் சேர்ந்த கே.ஆர். தங்கப்பனும் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து நடத்தியது. 60 வாக்குச்சாவடிப் பகுதிகளைத் தேர்ந்தெடுத்து, 30 முதல் 60 வயது வரை உள்ளவர்களை அணுகினார்கள். முதலில் ஊசியே இல்லை. வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு நீரிழிவு உண்டா என்ற நான்கையும் வைத்து மதிப்பெண் போடும் முறை. அது சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005-இல் வகுத்தது. மதிப்பெண் அதிகம் வந்தவர்களுக்குத்தான் ரத்தப் பரிசோதனை. நீரிழிவு இன்னும் வராத, ஆனால் வரும் வாய்ப்புள்ள 1,007 பேர் ஆய்வில் சேர்ந்தார்கள். பாதிப்பேருக்கு ஊர்க்காரர்களையே தலைவர்களாகப் பயிற்றுவித்து, ஒரு வருடம் கூட்டங்கள் நடத்தி, உணவையும் நடையையும் மாற்றப் பழக்கினார்கள். 24 மாதம் கழித்துப் பார்த்தபோது பயிற்சி பெறாத குழுவில் 17.1 சதவீதம் பேருக்கும், பெற்ற குழுவில் 14.9 சதவீதம் பேருக்கும் நீரிழிவு வந்திருந்தது. வித்தியாசம் உண்டு; ஆனால் புள்ளியியல்படி உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை.

அந்த ஆய்வில் யாருக்கு நீரிழிவு வந்துவிட்டது என்று தீர்மானித்தது மூணு மாச சுகர் அல்ல. வெறும் வயிற்றில் ஒரு ரத்தம், 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீர், இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு ரத்தம் என்ற பழைய முறைதான். காத்திருக்க வேண்டும், குமட்டும், வேலை கெடும். ஆனால் அது சர்க்கரையையே நேரடியாக அளக்கிறது. எச்பிஏ1சி அப்படி அளப்பதில்லை. அது சர்க்கரை விட்டுச்சென்ற தடயத்தை அளந்து, அதிலிருந்து சர்க்கரையை ஊகிக்கிறது.

அந்தத் தடயம் இதுதான். சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின் நான்கு சங்கிலிகளால் ஆனது: இரண்டு ஆல்பா, இரண்டு பீட்டா. ரத்தத்தில் மிதக்கும் குளுக்கோஸ், எந்த நொதியின் உதவியும் இல்லாமல், பீட்டா சங்கிலியின் முதல் கண்ணியான வேலைன் என்ற அமினோ அமிலத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. முதலில் தளர்வாக, பிறகு பிரிக்க முடியாதபடி. சர்க்கரை எவ்வளவு கூடுதலோ, அவ்வளவு கூடுதலான ஹீமோகுளோபினில் அது ஒட்டியிருக்கும். இப்படி ஒட்டப்பட்டது மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்பதே எச்பிஏ1சி.

இதற்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பு கண்டுபிடிக்கப்பட்ட கதையை இங்கே சொல்லியாக வேண்டும். 1960-களின் இறுதியில் டெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் ராஹ்பர் என்ற மருத்துவ விஞ்ஞானி, நோயாளிகளின் ரத்தத்தில் மாறுபட்ட ஹீமோகுளோபின்களைத் தேடிக்கொண்டிருந்தார். பரம்பரையாக வரும் மாற்றங்களைத்தான் தேடினார். மின்புலத்தில் ரத்தத்தை ஓடவிட்டுப் பிரித்தபோது, சிலருடைய ரத்தத்தில் வழக்கத்துக்கு மாறாக ஒரு பட்டை தெரிந்தது. விசாரித்தால் அவர்கள் நீரிழிவு நோயாளிகள். மேலும் நீரிழிவு நோயாளிகளைத் தேடிப் பார்த்தார். அவர்களிடமும் அதே பட்டை. 1968-இல் அதை வெளியிட்டார். ஆக, இன்று உலகம் முழுக்க நீரிழிவை அளக்கும் இந்தக் கருவி, மாறுபட்ட ஹீமோகுளோபினைத் தேடும் வேலையிலிருந்து பிறந்தது. இரண்டும் ஆரம்பத்திலிருந்தே ஒரே மேசையில் இருந்தவை. பின்னால் நீரிழிவு மருத்துவம் தனியே வளர்ந்து, மாறுபட்ட ஹீமோகுளோபின் ரத்தவியல் துறையின் சமாசாரம் என்று ஒதுங்கிவிட்டது. நோயாளியின் ரத்தத்தில் மட்டும் அவை இன்றும் சேர்ந்தே ஓடுகின்றன.

2010-இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் 2011-இல் உலக சுகாதார நிறுவனமும், எச்பிஏ1சி 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் நீரிழிவு என்று சொல்லலாம் என்றன. பட்டினி கிடக்க வேண்டாம், எந்த நேரத்திலும் ரத்தம் கொடுக்கலாம், முந்தைய நாள் கல்யாண விருந்து சாப்பிட்டிருந்தாலும் பாதகமில்லை என்பதால் எல்லோரும் அதை விரும்பினார்கள். அளவீட்டைத் தடுமாறவைக்கும் நிலைகள் அந்த மனிதருக்கு இல்லாதிருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் அப்போதே ஒரு நிபந்தனை வைத்தது. பரிசோதனை ஊருக்கு ஊர் பரவியது. நிபந்தனை அந்த அளவுக்குப் பரவவில்லை.

முதல் தடுமாற்றம் சிவப்பணுவின் ஆயுளில். அது சுமார் 120 நாள் வாழ்கிறது என்ற கணக்கில்தான் ‘மூணு மாசம்’ என்கிறோம். விறகடுப்பில் நேற்று ஏற்றிய பானையிலும் ஆறு மாதமாக ஏறிக்கொண்டிருக்கும் பானையிலும் கரி ஒரே அளவா இருக்கும்? சிவப்பணுக்கள் சீக்கிரம் அழிந்து புதிது புதிதாக வந்துகொண்டிருந்தால், சர்க்கரை எவ்வளவு இருந்தாலும் ஒட்டுவதற்கு நாள் போதாது. எண் குறைவாக வரும். ஜி6பிடி என்ற நொதி பரம்பரையாகக் குறைந்தவர்களுக்கு இப்படி ஆகலாம். 2017-இல் சுமார் 1,60,000 பேரின் தரவுகளை அலசிய ஓர் ஆய்வு, ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடம் உள்ள ஒரு ஜி6பிடி மரபணு மாற்றம் ஆண்களில் எச்பிஏ1சியை 0.81 அளவுக்குக் குறைத்துக் காட்டுகிறது என்றது. 6.5 என்ற கோட்டின் அருகே நிற்பவருக்கு 0.81 சின்ன விஷயமா? தொழுநோய்க்குத் தரும் டாப்சோன் மாத்திரை, டயாலிசிஸ் நோயாளிகளுக்குப் போடும் எரித்ரோபாய்ட்டின் ஊசி, அண்மையில் ஏற்றிய ரத்தம் ஆகியவையும் எண்ணைத் தாழ்த்தக்கூடும்.

இரும்புச்சத்துக் குறைவு எதிர்த்திசையில் இழுக்கும். அதில் எண் உயர்ந்து வரும். இரும்பு மாத்திரை சாப்பிட்டுச் சரியானதும் இறங்கும். 15 முதல் 49 வயதுப் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் கேரளத்தில் 36 சதவீதம், தமிழ்நாட்டில் 53 சதவீதம் என்கிறது ஐந்தாம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. எல்லைக்கு இருபுறமும் எத்தனை பெண்கள் ரத்தசோகையால் ‘நீரிழிவின் விளிம்பில்’ என்று முத்திரை குத்தப்பட்டிருப்பார்கள் என்ற கவலை எனக்கு உண்டு.

இரண்டாவது தடுமாற்றம் ஹீமோகுளோபினின் உருவத்திலேயே இருக்கிறது. பீட்டா சங்கிலியில் 146 கண்ணிகள். ஒரே ஒரு கண்ணி மாறினாலும் ஹீமோகுளோபின் வேறு ரகம் ஆகிவிடும். ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலைன் வந்தால் ஹீமோகுளோபின் எஸ். அரிவாள் செல் நோய்க்குக் காரணமானது. 26-ஆவது இடத்தில் லைசின் வந்தால் ஹீமோகுளோபின் ஈ. 121-ஆவது இடத்தில் குளூட்டமின் வந்தால் ஹீமோகுளோபின் டி பஞ்சாப். இதுவரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரகங்கள் தெரியவந்துள்ளன. தாய் தந்தை இருவரிடமிருந்தும் மாறிய மரபணு வந்தால்தான் பலவற்றில் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அவர் வெறும் தாங்கி. வயலில் உழைத்து, பிள்ளை பெற்று, தன் ரத்தத்தில் இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் வாழ்ந்துவிடுவார்.

அவருக்குத் தெரியாதது லேபில் உள்ள மெஷினுக்குத் தெரிந்துவிடலாம். பெரிய லேபுகள் பல எச்பிஎல்சி என்ற முறையில் பரிசோதிக்கின்றன. ரத்தத்தைக் கரைத்து ஒரு மெல்லிய குழாய் வழியே அனுப்பினால், மின்னூட்டத்தைப் பொறுத்து ஒவ்வொரு ஹீமோகுளோபினும் வெவ்வேறு நொடியில் வெளியே வரும். கேட்டால் அந்த வரைபடத்தையும் சேர்த்துத் தரும் லேபுகள் உண்டு. வாங்கினால் உற்றுப் பாருங்கள். இடது ஓரத்தில் சின்னச் சின்ன மேடுகள், அவற்றுக்குப் பக்கத்தில் நிழல் பூசிய ஒரு குன்று, அதுதான் ஏ1சி. அதைத் தாண்டி, தாளின் உச்சியைத் தொடும் பெரிய மலை, சர்க்கரை ஒட்டாத சாதாரண ஹீமோகுளோபின். பெரும்பாலோருக்கு மலையோடு படம் முடிந்துவிடும். மலைக்கு வலப்புறம் இன்னொரு பெரிய மேடு நின்றால் அங்கே வேறொரு ஹீமோகுளோபின் இருக்கிறது. அந்த மேட்டின் பெயரும் சதவீதமும் படத்தின் கீழே அட்டவணையில் இருக்கும். நோயாளிக்குக் கிடைக்கும் தாளில் பெரும்பாலும் படமும் இருக்காது, அட்டவணையும் இருக்காது, 5.8 என்ற எண் மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும்.

இந்தக் கூடுதல் மேடு எண்ணை எப்படிக் கெடுக்கிறது? ஏ1சி என்பது ஒரு பின்னம். சர்க்கரை ஒட்டியது மேலே, மொத்தம் கீழே. மாறுபட்ட ஹீமோகுளோபினிலும் சர்க்கரை ஒட்டத்தான் செய்யும். ஆனால் அப்படி ஒட்டிய பகுதி வேறு நொடியில் வெளிவந்து ஏ1சி குன்றுக்குள் சேராமல் போய், ஒட்டாத பகுதி மட்டும் மொத்தத்தில் சேர்ந்துவிட்டால், மேலே குறைந்து கீழே கூடி, எண் தாழும். சில அபூர்வ ரகங்கள் நேராக ஏ1சி குன்றின்மேலேயே வந்து விழும். அப்போது சர்க்கரையே இல்லாதவருக்கும் 15-க்கு மேல் எண் வரலாம். எந்த மெஷின் எந்த ரகத்தைச் சரியாகப் பிரிக்கிறது என்பது மெஷினுக்கு மெஷின் வேறுபடும். புதிய மாடல்கள் எஸ், ஈ, டி ஆகியவற்றைப் பெரும்பாலும் நன்றாகவே சமாளிக்கின்றன.

வேறு லேபுகளில் ஆன்டிபாடி முறை இருக்கும். அது சங்கிலியின் நுனியில் சர்க்கரை ஒட்டிய முதல் சில கண்ணிகளைத் தொட்டு அடையாளம் காண்கிறது. 26-ஆவது, 121-ஆவது இட மாற்றங்கள் அதற்கு எட்டாத தூரம் என்பதால் பொதுவாகத் தொந்தரவு இல்லை. ஆறாவது இடம் அருகில் இருப்பதால் ஹீமோகுளோபின் எஸ் சில கருவிகளைக் குழப்பும். போரோனேட் முறை என்று மூன்றாவது ஒன்று உண்டு. மின்னூட்டத்தையும் சங்கிலியின் உருவத்தையும் பொருட்படுத்தாமல் ஒட்டியிருக்கும் சர்க்கரையையே பிடிப்பதால் இந்த ரகங்களால் அதிகம் ஏமாறாது. மார்த்தாண்டத்தில் ஒரு முறையும் நெய்யாற்றின்கரையில் வேறு முறையும் இருந்தால், தாங்கி ஒருவருக்கு ஒரே வாரத்தில் இரண்டு எண்கள் வரலாம். இரண்டு லேபும் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கும்.

எந்த முறையாலும் தீர்க்க முடியாத இடமும் உண்டு. பெற்றோர் இருவரிடமிருந்தும் எஸ் பெற்றவரிடமோ, இருவரிடமிருந்தும் ஈ பெற்றவரிடமோ சாதாரண ஹீமோகுளோபின் ஏ கிடையாது. அது இல்லாதபோது ஏ1சி என்று எதை அளப்பது? தாங்கிகளிடம்கூட விஷயம் முழுதும் மெஷினோடு முடிவதில்லை. அமெரிக்காவில் 4,620 கறுப்பினத்தவரிடம் நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. ஒரே அளவு சர்க்கரை இருந்தும், எஸ் தாங்கிகளுக்கு எச்பிஏ1சி சுமார் 0.3 குறைவாக வந்ததாக அது கண்டது.

இதெல்லாம் நம் பக்கத்திலா என்று கேட்கலாம். தென்னிந்தியாவில் அரிவாள் செல் மரபணுவை முதன்முதலில் 1952-இல் நீலகிரிப் பழங்குடிகளிடம் கண்டறிந்தார்கள் லேமன், கட்புஷ் என்ற ஆராய்ச்சியாளர்கள். வயநாட்டிலும் அட்டப்பாடியிலும் அது இன்று பெரிய பொதுச் சுகாதாரப் பிரச்சினை. பாறசாலைப் பக்கம் பொதுமக்களிடம் அது அவ்வளவாக இல்லை. இங்கே எதிர்பார்க்க வேண்டியவை வேறு இரண்டு.

ஒன்று, பீட்டா சங்கிலி குறைவாக உருவாகும் பீட்டா தலசீமியாவின் தாங்கிகள். நாடு முழுவதும் சிதறியிருக்கிறார்கள். ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவு, சிவப்பணுக்கள் அளவில் சிறியவை, எண்ணிக்கையில் அதிகம். இதை இரும்புக் குறைவு என்று எடுத்துக்கொண்டு வருஷக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்கியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

மற்றொன்று ஹீமோகுளோபின் ஈ. அது வங்காளத்திலும் வடகிழக்கிலும் வேரூன்றியது. திருவனந்தபுரத்தின் குலாத்தி நிறுவனம் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, கேரளத்தில் 25 லட்சம் வெளிமாநிலத் தொழிலாளர்கள் இருப்பதாக மதிப்பிட்டது. வங்காளத்தார் மிகுதி, அசாமியரும் உண்டு. செங்கல் சுமப்பவர்களும் கான்கிரீட் போடுபவர்களும் புரோட்டாக்கடையில் மாவு பிசைபவர்களும் இன்று இளைஞர்கள். அவர்களில் பலர் இங்கேயே குடும்பமாகிவிட்டார்கள். நாற்பதைத் தாண்டும்போது அவர்களுக்கும் சுகர் பார்ப்பார்கள். மலையாளமும் தமிழும் தட்டுத்தடுமாறிப் பேசும் ஒருவர், ரிப்போர்ட்டில் எண் சரியாக இருக்கிறது, ஆனால் தாகம் அடங்கவில்லை, கால் எரிகிறது என்று சொன்னால் அதை யார் காதில் வாங்குவார்கள்?

சந்தேகிக்க வேண்டிய தருணங்கள் சில உண்டு. விரல் காட்டுவதும் ஏ1சி சொல்வதும் பல மாதமாக ஒத்துப்போகாதது, எண் 15-ஐத் தாண்டுவது, லேபை மாற்றியதும் எண் திடீரென்று குதிப்பது, குடும்பத்தில் ரத்தசோகையோ தலசீமியாவோ இருப்பது. அப்போது முதலில் வீட்டு மெஷினைச் சரிபார்க்க வேண்டும். கடும் ரத்தசோகை உள்ளவர்களுக்கு அந்த ஸ்ட்ரிப்பே பல நேரம் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். அதனால் கையிலிருந்து எடுத்த ரத்தத்தில், வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் லேபில் பார்ப்பது நல்லது. பிறகு ஒரு முழு ரத்தப் பரிசோதனையும் ஹீமோகுளோபின் ரகங்களைப் பிரிக்கும் பரிசோதனையும் தேவை. ஏ1சி உதவாது என்று தெரிந்தால் ஃப்ரக்டோசமைன் இருக்கிறது. அது ரத்தப் புரதங்களில் ஒட்டிய சர்க்கரையை அளக்கிறது. கடந்த இரண்டு மூன்று வாரத்தைச் சொல்லும். ஹீமோகுளோபின் எப்படி இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. சிறுநீரில் புரதம் வெளியேறுபவர்களுக்கும் கல்லீரல் கெட்டவர்களுக்கும் அது ஒத்துவராது. கையில் ஒட்டவைத்து இரவு பகலாகச் சர்க்கரையைப் பார்க்கும் சென்சார் இப்போது நம் ஊர்களிலும் கிடைக்கிறது, விலைதான் அதிகம். எதுவும் இல்லாவிட்டால் நெய்யாற்றின்கரை ஆய்வில் செய்தது போல 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்துக் காத்திருந்தால், நீரிழிவு உண்டா இல்லையா என்பதாவது தெரியும்.

அரிவாள் செல் நோயை ஒழிக்கும் தேசிய இயக்கம் 2023 ஜூலை 1-ஆம் தேதி மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கப்பட்டது. 17 மாநிலங்களில் 7 கோடிப் பேரைச் சோதிப்பது இலக்கு. வயது வரம்பு 40. பிள்ளை பெறும் வயதை மனத்தில் வைத்துப் போட்ட வரம்பு அது, நியாயமானதுதான். ஆனால் நாற்பதுக்கு மேல் உள்ளவர்களின் ரத்தம் எச்பிஎல்சி மெஷினுக்குள் போவது பெரும்பாலும் மூணு மாச சுகருக்காக மட்டுமே. அங்கே வலப்புறத்தில் தெரியும் அந்த மேட்டை டெக்னீஷியன் ரிப்போர்ட்டில் ஒரு வரியாக எழுதிவிட்டால், அந்த நோயாளியின் மாத்திரை அளவு சரியாகும். கல்யாண வயதில் அவருக்கு மகனோ மகளோ இருந்தால் அவர்களும் ரத்தம் பார்த்துக்கொள்வார்கள். ஈ தாங்கியும் தலசீமியா தாங்கியும் மணந்தால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில், மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டிய அளவுக்குக்கூடக் கடுமையாகும் நோய் வரலாம். இரண்டு லேபுகளிடமும், எந்த முறையில் பார்த்தீர்கள், வேறு ஹீமோகுளோபின் எதுவும் தெரிந்ததா, வரைபடம் கிடைக்குமா என்று கேட்கலாம். கூடுதல் பணம் கேட்காமல் தரக்கூடிய தகவல்தான் அது.